பொது லைன்

ஐந்தே முக்காலுக்குத் தலைவரின் குரல் கீழக்கூடத்துக் கோபுரத்திலிருந்து வந்தது.

தலைவர் அங்கே இல்லை. நாலு தெரு தள்ளி, பேருந்து நிலையத்துத் திடலில் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். கீழக்கூடத்தில் மாலைப் பிரார்த்தனைக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, அவர்களுடைய சொந்த ஒலிபெருக்கிக் கூம்புகளில், தலைவர் சொன்னார்:

“இந்த ஊர்ல முதல்ல இருந்தது ஒரே ஒரு கூடம். மத்தவங்க எல்லாம் பின்னால வந்த விருந்தாளிங்க. விருந்தாளிக்குச் சோறு போடலாம். பாய் விரிச்சுக் கொடுக்கலாம். வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியுமா?”

திடலில் கை தட்டினார்கள். கைதட்டலும் கூம்பு வழியாகக் கீழத்தெருவுக்கு வந்தது.

அனுப்பியவர் டெஸ்டிங்.

ஊரில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவர். மைக்கைத் தட்டித் தட்டி அந்த ஒரு சொல்லையே சொன்னதில் அதுவே பெயராகிவிட்டது. கல்யாணத்தன்று பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார் என்று அவருடைய மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மச்சான் ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர். டெஸ்டிங்கின் மனைவி அதே கட்சியில் வார்டு உறுப்பினர். தேர்தலில் நிற்க இடம் வாங்கிக் கொடுத்தது அண்ணன். ஜெயித்தது அவள். மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து போட்ட ஓட்டு.

மேலத்தெருவுக்கு ஒரு கூடம், ஒரு சாமி. கீழத்தெருவுக்கு வேறு கூடம், வேறு சாமி. இரண்டுக்கும் நடுவில் டெஸ்டிங்கின் கடை. கடைக்கு மேல் வீடு.

ஒரு காலத்தில் இரண்டு கூடத்துக்கும் தனித்தனி ஒலிபெருக்கி இருந்தது. ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் சத்தத்தைக் கூட்டுவார். இவர் கூட்டினார் என்று அவர் இன்னொரு கூம்பு கட்டுவார். ஒரு தடவை மண்டை உடைந்தது. அப்போது டெஸ்டிங் இரண்டு பக்கமும் போய்ப் பேசினார். இரண்டு கூடத்திலிருந்தும் வயரை இழுத்துத் தன் கடைக்குக் கொண்டுவந்தார். சுவரில் ஒரு பலகை அடித்து அதில் ஒரே ஒரு கைப்பிடி வைத்தார். மேலே தள்ளினால் மேலக்கூடம். கீழே இழுத்தால் கீழக்கூடம். ஒன்று பேசும்போது மற்றது பேசாது. நடுவில் நிறுத்தினால் எல்லாம் பேசும்: இரண்டு கோபுரமும், தெருக்கம்பங்களில் உள்ள கூம்புகளும். நடுவுக்குப் பெயர் பொது லைன். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது, ஒரு குழந்தையைக் காணவில்லை, இன்னார் இறந்துவிட்டார் என்பதெல்லாம் பொது லைன்.

நேரம் பார்த்துக் கைப்பிடியை மாற்றுவது அந்த வீட்டு வேலைகளில் ஒன்று. பால் காய்ச்சுவதுபோல. டெஸ்டிங் இல்லாதபோது மனைவி மாற்றுவாள். கீழக்கூடத்துக்கு மாற்றிவிட்டு மாடியேறித் தன் மேலக்கூடத்துச் சாமிக்கு விளக்கு வைப்பாள்.

ஊருக்கு எந்தத் தலைவர் வந்தாலும் பொது லைன்தான். போன தலைவர் பாலத்தைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தியவர் பள்ளிக்கூடத்தைப் பற்றி. கீழக்கூடத்தார் அன்றைக்கு மட்டும் பிரார்த்தனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

இந்தத் தடவையும் டெஸ்டிங் திடலிலிருந்து வரும் வயரைப் பலகையில் மாட்டி, கைப்பிடியை நடுவில் நிறுத்திவிட்டு, கடையைப் பூட்டாமல், திடலுக்குப் போய்விட்டார். மழைக்கு முந்திய காற்று. மைக்கில் இரைச்சல் விழுந்தது. மேடைக்குக் கீழே குனிந்து குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். டெஸ்டிங் பேச்சைக் கேட்பதில்லை. சத்தத்தைக் கேட்பார். குரல் கரகரக்கிறதா, பிசிறடிக்கிறதா, அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தலைவர்களுக்கு மைக் வைத்திருக்கிறார். ஒருவர் பேசியதிலும் ஒரு வரி அவருக்கு நினைவில்லை.

அவள் மேடையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் விருந்தாளி என்றபோது அது இரண்டு தடவை கேட்டது. ஒன்று எதிரில். ஒன்று தெற்கிலிருந்து, கொஞ்சம் பின்தங்கி. அந்த வயரை ஒரு காலத்தில் அவள்தான் சுற்றி எடுத்துக் கொடுத்தாள். தெற்கே இருப்பது கீழக்கூடத்துக் கூம்பு என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். தலைவர் பேசும்போது எழுந்திருக்கும் வழக்கம் இல்லை. அவள் கணவரின் முதுகைத் தேடினாள். மேடை விளிம்பு மறைத்தது.

சாவி என்று சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கையும் தட்டியது.

கூட்டம் முடிவதற்குள் கீழத்தெருவில் ஒருவன் கோபுரத்தில் ஏறிக் கூம்பைப் பிடுங்கிவிட்டான். டயர்கடைக்காரரின் மகன். டயர்கடைக்காரர்தான் கீழக்கூடத்து நிர்வாகி. பிடுங்கியவன் கையில் கூம்பு நிற்கவில்லை. கீழே, திடலிலிருந்து பாதியிலேயே திரும்பிக்கொண்டிருந்த கட்சிக்காரன் ஒருவன்மேல் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலை தப்பியது. போலீஸ் வந்து மகனைக் கொண்டுபோனது. கீழத்தெருவில் கடைகள் சாத்தினார்கள். மேலத்தெருவிலும் சாத்தினார்கள். மழை வரவில்லை.

டெஸ்டிங் கடைக்குத் திரும்பியபோது கைப்பிடி நடுவிலேயே நின்றது. மைக்பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பேசினாரு?” என்று மனைவியைக் கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் பெட்டியை இறக்கி வைத்தார். சுற்ற வேண்டிய வயர் வாசலில் கிடந்தது. அதை எடுத்து முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாகச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்ததும் அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

செயலாளர் இருட்டிய பிறகு வந்தார். காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். அப்படி அவர் வந்ததில்லை. அடுக்கிவைத்த கூம்புகளுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கை டீ வைக்கப் போனாள். வேண்டாம், நில் என்றார்.

அவர் கொண்டுவந்த செய்தி இதுதான். தலைவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பயணியர் விடுதியில் தங்கியிருக்கிறார். தலைநகரம் வரைக்கும் விஷயம் போய்விட்டது. அடுத்தவர் கூடத்திலேயே மைக் கட்டி அவர்களைத் திட்டினார் என்று எதிர்க்கட்சி சொல்கிறது. தலைவருக்கு அது ஆகாது. காலையில் நிருபர்கள் வருகிறார்கள். வார்டு உறுப்பினர் என்ற முறையில் அவள் அவர்கள் முன்னால் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்: கடை திறந்து கிடந்தது. கீழத்தெருப் பையன் உள்ளே புகுந்து கைப்பிடியை மாற்றிவிட்டான். தலைவருக்குக் கெட்ட பெயர் வர வேண்டும், கலவரம் வர வேண்டும் என்று செய்தான். அதையே இன்ஸ்பெக்டரிடம் புகாராகக் கொடுக்க வேண்டும்.

“அவன் கோபுரத்துல ஏறினவன்தானே? ஏறினவன் இங்கயும் வந்தான்னு சொன்னா யார் இல்லைங்கப் போறாங்க?”

“அவன் வரலண்ணே” என்றாள்.

“வந்தானா வரலயான்னு நான் கேக்கல பாப்பா. நீ சொல்லலைன்னா என்ன ஆகும்னு சொல்றேன். மாட்டிவிட்டது யாருன்னு போலீஸ் கேக்கும். மாப்ளதான்னு வரும். மதக் கலவரத்தைத் தூண்டினதுன்னு போட்டா வெளியில வர வருஷக்கணக்காகும். உள்ள இருக்கறவனுக வேற, நீ எந்தக் கூடம்னு கேட்டுட்டு அடிப்பானுக.” மைத்துனரைப் பார்த்தார். “என்ன மாப்ளே, இதையாவது கேட்டீங்களா? இல்ல இதுலயும் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சா?”

டெஸ்டிங் வயரைக் கீழே வைத்தார். நான் கீழத்தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். தப்பு என்னுடையது என்று சொன்னால் முடிந்தது.

“போங்க. போனா முழுசாத் திரும்பி வர மாட்டீங்க. அப்புறம் அதுக்கு நம்ம ஆளுங்க கிளம்புவாங்க. நான்தான் அவங்களையும் அடக்கணும்.” செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “எனக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிச்சிருந்துதா? டயர்கடைக்காரர் கல்லாவுல உக்காந்து எத்தனை தடவை டீ குடிச்சிருக்கேன். ஆனா தலைவர் பேசிட்டார். பேசினதைத் திருப்பி வாங்க முடியாது. கேட்டதைத்தான் எப்படியாவது சரிக்கட்டணும்.”

எழுந்தவர் வாசலில் நின்றார். தங்கையின் தலையைத் தொடுவதற்குக் கையைத் தூக்கினார். தொடவில்லை.

“அடுத்த தேர்தல்ல உன் இடம் போகும்னு நான் பயப்படல. போனாப் போகுது. இவர் ஒருத்தர்தான் உனக்கு.”

அன்றைக்குக் கைப்பிடி எந்தப் பக்கமும் போகவில்லை. எந்தக் கூடமும் பேசவில்லை. சோறு ஆக்கி இருவரும் முட்டையோடு சாப்பிட்டார்கள். டெஸ்டிங் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாத தெருவில் யாருடைய சைக்கிளோ போனது. அது தெரு முனையைத் தாண்டும்வரை இருவரும் கையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

விடிந்ததும் டயர்கடைக்காரர் வந்தார். பின்வாசல் வழியாக. இந்தப் பக்கம் நடந்துவர அவருக்கு அதற்கு முன் பயம் இருந்ததில்லை. கையில் டயர்க் கறை. ராத்திரி முழுக்கக் கடையில்தான் இருந்தாராம். வீட்டுக்குப் போனால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியா?”

டெஸ்டிங் நேரடியாகப் பதில் சொல்பவர் அல்ல. அன்றைக்குச் சொன்னார்.

“தெரிஞ்சுதான் போட்டேண்ணே. பொதுவுல போட்டது நான்தான். எப்பவும் போடறதுதானே. என்ன பேசுவாருன்னு தெரியாது.”

“பேசும்போது?”

“பேசும்போது நான் கேக்கல.”

டயர்கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு நல்லதாக இல்லை.

“கேக்கல. அங்க ஆறு வயசுக் குழந்தை கேட்டுச்சு. நாம விருந்தாளியா தாத்தான்னு என்னைக் கேக்குது. அங்க நிக்கிற பாதிப் பேருக்கு இந்த மண்ணுல பாட்டன் பூட்டன் எலும்பு கிடக்கு. நீ கேக்கலங்கற.”

டெஸ்டிங் தலையைக் குனிந்துகொண்டார். நான் நம்புகிறேன், எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள் என்றார் டயர்கடைக்காரர். வேண்டுமென்றே செய்தான், மேலக்கூடத்துக்காரன்தானே அவன் என்கிறார்களாம். நம்புவதால் எனக்கு என்ன ஆகப்போகிறது, பையன் உள்ளேதானே இருக்கிறான் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு ஒண்ணு சொல்றேன் தங்கச்சி, வெளியில சொல்லாதே. எங்க பக்கத்துலயும் ஒரு தலைவர் இருக்காரு. நேத்து வெளியூர்லேர்ந்து வந்து இறங்கிட்டாரு. பையனை ஜாமீன்ல எடுக்கணும்னேன். அவசரப்படாதீங்க, கொஞ்ச நாள் இருக்கட்டும்ங்கறாரு. அவன் உள்ள இருந்தாத்தான் நம்ம ஜனம் ஒண்ணு சேருமாம். போஸ்டர்ல போட அவன் போட்டோ கேக்கறாரு.” கையில் இருந்த கறையைத் தேய்த்தார். போகவில்லை. “ரெண்டு பக்கத்துக்கும் அவன் உள்ளதான் வேணும். எனக்கு ஒருத்தனுக்குத்தான் வெளியில வேணும்.”

அவள் அண்ணன் கேட்டுவிட்டுப் போனதைச் சொன்னாள். மறைக்கவில்லை. பத்து மணிக்குப் பயணியர் விடுதி. டயர்கடைக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“நீ அப்படிச் சொன்னா அவனுக்கு எத்தனை வருஷம்?”

“தெரியலண்ணே.”

“சொல்லலைன்னா இவனுக்கு?”

அவள் கணவரைப் பார்த்தாள்.

“உன்னைச் சொல்லாதேன்னு கேக்க எனக்கு வாய் வரல. உன் இடத்துல என் பொண்டாட்டி இருந்தா என்னைத்தான் காப்பாத்துவா.” வாசற்படியில் இறங்கியவர் நின்றார். “கூம்பை இனி நாங்களே வச்சுக்கறோம். எங்க லைனை அறுத்து விட்டுரு. நான் சொல்லல. அவங்க சொல்லச் சொன்னாங்க.”

அவர் போன பிறகு டெஸ்டிங் பலகை முன்னால் போய் நின்றார். கட்டிங்பிளேயரை எடுத்தார். வைத்தார். அவள் கடையின் பின்கட்டு அடுப்பில் டீயை ஏற்றிவிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

“நான் அண்ணன் சொன்னபடி சொன்னா நீங்க பேசாம இருப்பீங்களா?”

“இருப்பேன்.”

“எத்தனை நாளைக்கு?”

அவர் யோசித்தார். “பேசாம இருந்துடுவேன். கடையைத் திறக்க முடியாது. ரெண்டு பக்கமும் என்கிட்ட லைனைக் கொடுத்தது நான் நல்லா வேலை செய்வேன்னு இல்ல. வேற நல்ல வேலைக்காரன் இருந்தான் ஊர்ல. நான் பேச மாட்டேன்னு கொடுத்தாங்க. யாரைப் பத்தியும் யார்கிட்டயும்.” டீயை வாங்கி ஊதினார். “இப்பப் பேசாம இருந்தா அது வேற.”

பிறகு மாடிக்குப் போனார். அவள் ஏறிப் போனபோது கட்டிலில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் இரண்டு சட்டை மடித்து வைத்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். மாத்திரையை அவர் கையிலிருந்து வாங்கி, அட்டையோடு வைத்தாள். காகிதத்தில் சுற்றினால் நமுத்துவிடும். ஒரு துண்டு எடுத்து மேலே வைத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூடு. அவர் படிப்பவர் இல்லை. வயரில் சாலிடர் பற்றவைக்கத்தான் கண்ணாடி. அதை மறுபடி வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

விடுதிக்கு அண்ணனின் காரில் போனாள். டெஸ்டிங் முன்னாலேயே போயிருந்தார். நிருபர்களுக்கு மைக் வைக்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேறு ஆள் இல்லை. தாழ்வாரத்தில் கால் நீட்டிய ஸ்டாண்டை நிமிர்த்தி, வயரை யாரும் தடுக்காதபடி சுவரோரமாக ஒட்டிக்கொண்டிருந்தார். துணிப்பை பெட்டியின் மேல் இருந்தது. நிருபர்கள் நிழலில் நின்று பிஸ்கட் சாப்பிட்டார்கள். ஒருவன் கேட்டான்: “என்னண்ணே, நேத்து செம சவுண்டு போலிருக்கு?” டெஸ்டிங் நிமிரவில்லை.

தலைவர் உள்ளே ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடையில் பெரிதாகத் தெரிகிறவர், பக்கத்தில் சின்ன ஆள். அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் சுவரோரம் நின்றார். செயலாளர் கதவைச் சாத்தினார்.

சாப்பிட்டாயா என்று தலைவர் கேட்டார். வார்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். கீழத்தெருவில் புதுக் குழாய் போட்டது சரியாக இருக்கிறதா என்றார். சரியாக இருக்கிறது என்றாள். அது உண்மை. கீழத்தெருவுக்குக் குழாயும் ரோடும் வந்தது அவர் கையெழுத்தில்.

“நான் அவங்களுக்கு என்ன குறை வச்சேன், சொல்லு.”

“குறை இல்லைங்கய்யா.”

“அதைத்தான் சொல்றேன். குடுக்கறதை நான் எல்லாருக்கும் குடுக்கறேன். பேசறது வேற. நம்ம ஜனத்துக்கு நான் அவங்க ஆளுன்னு தெரியணும். அது தெரியலைன்னா நாளைக்கு என்னை விடக் கடுசா ஒருத்தன் வருவான். அவன் குழாயும் குடுக்க மாட்டான்.” ரொட்டித் துணுக்கை விரலால் ஒற்றியெடுத்தார். “வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி பேசிக்கற பேச்சு அது. அதை ஜன்னலைத் திறந்து அவங்களுக்குக் கேக்க வச்சது யாரு? அந்தப் பையன். அவன்தான். இல்லையா?”

செயலாளர் இருமினார்.

“நீ நம்ம கூடத்துக்குப் போறவதானே?” என்று தலைவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

“வாரம் தவறாமப் போறேங்கய்யா.”

“அப்போ நான் பேசினதுல உனக்கு எங்க வலிச்சுது?”

அவள் யோசித்தாள். வெளியே மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. வழக்கமான அந்தச் சொல் வரவில்லை.

“வலிக்கலைங்கய்யா. நானும்தான் கை தட்டினேன். என் கைதட்டலும் அங்க கேட்டிருக்கும். அவங்க எல்லாரும் எனக்கு ஓட்டுப் போட்டவங்க.”

“அதனால?”

“அந்தப் பையன் கடைக்கு வரல. கைப்பிடியைப் பொதுவுல போட்டது என் வீட்டுக்காரர். நான் வெளியில அதைத்தான் சொல்வேன். இன்ஸ்பெக்டர் சாருக்கும் அதையே சொல்றேன்.”

செயலாளர் பாப்பா என்றார். சுவரில் சாய்ந்துகொண்டார்.

தலைவர் கையைத் துடைத்தார். நிதானமாக, விரல் விரலாக. பிறகு எல்லாவற்றையும் தெளிவாக எடுத்துச் சொன்னார். பையனை விட மாட்டார்கள், கூம்பு விழுந்த வழக்கு தனியாக நிற்கும். ஆனால் அது சின்ன வழக்கு. இவளுடைய கணவர்மேல் வருவது பெரிய வழக்கு. கட்சி உதவிக்கு வராது. அண்ணனும் வர முடியாது. உறுப்பினர் பதவியை இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. யோசிக்க வேண்டுமென்றால் பத்து நிமிடம் வெளியே போய் யோசித்துவிட்டு வரலாம்.

யோசித்துவிட்டேன் என்றாள்.

தலைவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து டெஸ்டிங்கை உள்ளே கூப்பிட்டார். டெஸ்டிங் துணிப்பையோடு வந்து நின்றார். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மனைவிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். பொதுவில் போட்டது நீதானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாங்க என்றார். அவ்வளவுதான் கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எழுத ஆரம்பித்து நிறுத்தினார். வேர்த்திருந்தது அவருக்கு. தலைவரிடம்தான் கேட்டார்.

“குத்தம் என்னன்னு எழுதட்டுங்கய்யா?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். மறுபடி சாத்தாத கதவு வழியாக நிருபர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“நீங்களே சொல்லுங்கய்யா, எழுதிக்கட்டும். நீங்க பேசினது குத்தமா, அது அவங்களுக்குக் கேட்டது குத்தமா?”